இரண்டாவது கையெழுத்து

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. இருபத்திரண்டு வருடம் குளிர்கிடங்கில் குப்பை கொட்டியவன் பேசுகிற பேச்சா இது என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உண்மை அதுதான் சார். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் நிதானமாகப் பேசுவேன்.

நான் கிடங்குக்குள் மூட்டை தூக்கியவன் இல்லை. மாடியில், கம்ப்யூட்டர் பிரிவின் தலைவன். கீழே எட்டு உறைபனி அறைகள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. மீன், இறைச்சி, மருந்து என்று வெளிக் கம்பெனிகளின் சரக்கை வாங்கி வைத்துக் காப்பாற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். உள்ளே போகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். கதவு அதைப் படித்துக்கொள்ளும். போனவர் இருபது நிமிடத்தில் வெளியே வரவில்லை என்றால் வாசலில் காவலாளியின் தலைக்கு மேல் மணி அடிக்கும். அவர் ஆளை அனுப்பிப் பார்ப்பார். உள்ளிருந்து திறக்கக் கதவில் கைப்பிடி உண்டு. ஆனால் அது எழுந்து நடந்து வரக்கூடியவனுக்குத்தான். விழுந்துவிட்டவனுக்கு மணி ஒன்றுதான் கதி.

அந்த மணியை அடிக்க வைப்பது ஒரு புரோகிராம். பதினாறு வருடமாக அது ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியிடம் லைசன்ஸ் எடுத்து ஓட்டியது. எடுத்துவந்தவன் நான். வருடா வருடம் அவர்கள் நடத்தும் பயிற்சிக்குப் போய்வந்து, சான்றிதழை என் அறைச் சுவரில் மாட்டுவேன். மொத்தம் பதினைந்து. ஒரு வருடம் அம்மை போட்டிருந்ததால் போகவில்லை. ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே 'லைசன்ஸ்'. "மெதுவாப் பேசுங்கப்பா, லைசன்ஸ் வர்றார்" என்று வராந்தாவில் சொல்வது எனக்குக் கேட்கும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை.

பழைய சிஸ்டத்தின் அழகு என்னவென்றால், அது பூட்டிய பெட்டி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏதாவது கோளாறு என்றால் அவர்களுக்குப் போன் செய்வேன். என் வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னதும் குரலில் ஒரு மரியாதை வரும். அவர்கள் சரிசெய்து அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளி இருந்தான்.

என் மச்சினன் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. என் மனைவியின் தம்பி. முப்பத்துநான்கு வயது, கெட்டிக்காரன், கொஞ்சம் வாயாடி. வேலைக்குச் சிபாரிசு செய்ததே நான்தான். வந்த இரண்டாவது வருடம் மேலாளரிடம் போய், மொத்தத்தையும் ஓப்பன் சோர்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டான். அதாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், யாரிடமும் லைசன்ஸ் கேட்க வேண்டியதில்லை. அன்று மாலையே வீட்டுக்கு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான். உங்க பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. இதுல ஒவ்வொரு வரியும் நீங்க படிக்கலாம். படிச்சிட்டு என்னைக் காறித் துப்பவும் செய்யலாம்."

என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தொண்ணூறு நாள் சோதனை என்று மேலாளர் முடிவு செய்தார். இரண்டு சிஸ்டமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அதே கதவுகள், அதே அட்டைகள். வாசல் மணியைப் புதியதோடு இணைத்தார்கள். பழையதன் மணி என் அறைக்கு வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். தொண்ணூறாவது நாள் அதைப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவார்கள். "ரெண்டும் ஒரே மாதிரி வேலை செஞ்சா, அப்புறம் நமக்கு லைசன்ஸ் எதுக்கு?" என்றார் மேலாளர் கூட்டத்தில். எல்லோரும் சிரித்துவிட்டு, சட்டென்று என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

பழையது நின்றால் பிரிவு மச்சினன் கைக்குப் போகும், எனக்கு 'மூத்த ஆலோசகர்' என்று ஒரு பெயரும் ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஒரு மேஜையும் கிடைக்கும் என்பதும் அந்தக் கூட்டத்திலேயே முடிவானது.

புதிய முறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் படித்து, 'படித்தேன், சரி' என்று தன் பெயரில் பதிய வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. எங்கள் பிரிவில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர். எழுதுபவன் அவன் என்றால் படிப்பவன் நான். அவனே வந்து கேட்டான். உங்களை விட்டால் எனக்கு யார் அத்தான் என்றான்.

நான் ஒழுங்காகத்தான் படித்தேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் ஏழு தவறுகள் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் பார்க்கும்படியாக நன்றி எழுதித் திருத்தினான். நான் ஒரு ஓட்டையைக் காட்டக் காட்ட, புதிய சிஸ்டம் ஒரு ஓட்டை குறைந்து நின்றது. அறுபத்தோராவது நாள் இரண்டு மணியும் அடித்தன. புதியது மூன்று விநாடி முன்னால் அடித்தது. நோட்டில் அப்படியே எழுதினேன். நான் பொய் எழுதுபவன் இல்லை.

அறுபத்தெட்டாவது நாள் அவன் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினான். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

அறைகளில் குளிர்க்குழாய்கள் மேல் பனி கட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு அறையிலும் அதைக் கரைக்க வேண்டும். கரைக்கும்போது ஆட்கள் வெகுநேரம் உள்ளேயும் வெளியேயும் இருப்பார்கள், மணி சும்மா சும்மா அடிக்கும். காவலாளி, "இந்தச் சனியனை ஒண்ணு அடக்குங்க, இல்ல எனக்குப் பஞ்சு வாங்கிக் குடுங்க" என்று தினமும் மாடிக்கு வந்து முறையிடுவார். அதனால் மச்சினன், பனி கரைக்கிற நேரத்தில் அந்த அறையின் மணி மட்டும் மௌனமாக இருக்கும்படி எழுதினான். கரைத்து முடிந்ததும் மணி தானாகத் திரும்பிவிடும். முப்பத்தெட்டு வரி.

இருபத்தாறாவது வரியில் தவறு இருந்தது. கரைப்பு முழுதாக ஓடி முடிந்தால்தான் மணி திரும்பும். நடுவில் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினால், சிஸ்டம் இன்னும் கரைப்பு நடக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த அறை அதன்பிறகு ஊமை.

எங்கள் கிடங்கில் கரைப்பை யாரும் முழுசாக முடித்ததாக எனக்கு நினைவில்லை. பாதியில் லாரி வந்துவிடும். டிரைவர் ஹாரன் அடிப்பார். உடனே யாராவது சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு சரக்கை ஏற்றப் போய்விடுவார்கள். விதிப்புத்தகத்தில் அப்படி எங்கும் இல்லை. மச்சினன் விதிப்புத்தகத்தைப் படித்து எழுதியிருந்தான். நான் இருபத்திரண்டு வருடம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தவன்.

முதல் வாசிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். ஐம்பது நிமிடம் அந்தப் பக்கம் என் திரையில் திறந்திருந்ததாக விசாரணைக் குழு கண்டுபிடித்திருக்கிறது. சரியான கணக்கு. மூன்று இடத்தில் இடைவெளி தாறுமாறாக இருந்தது, ஒரு குறிப்பில் எழுத்துப்பிழை இருந்தது. அவற்றைத் திருத்தச் சொல்லி எழுதினேன். திருத்தினான். பிறகு 'படித்தேன், சரி' என்று பதிந்தேன்.

அவன் நன்றி சொன்னான்.

யாருக்கும் தீங்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கோ ஒரு நாள் ஒருவன் இருபது நிமிடத்தைத் தாண்டி நிற்பான். என் அறையில் மணி அடிக்கும், வாசலில் அடிக்காது. நோட்டில் ஒரு வரி விழும். மேலாளர் அதைப் படிப்பார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்த சில நாட்களில் எந்தெந்த அறை ஊமையாகிறது என்று ஜன்னலில் இருந்தே கவனித்துவந்தேன். திங்கட்கிழமை ஆறாம் அறை. செவ்வாய்க்கிழமை மூன்றாம் அறை. இரண்டிலும் லாரி வந்தது, பொத்தானைத் தட்டினார்கள்.

சரக்கு எண்ணுபவர் ஒருவர் இருந்தார். கம்பளி என்று கூப்பிடுவோம். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் கம்பெனி கோட்டும் போட்டு, கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவார். ஐம்பத்தேழு வயது. மகள் நர்ஸ் படிப்பு முடிக்க இன்னும் நான்கு மாதம், அதோடு வேலையை விட்டுவிடுவேன் என்று போன வருடமும் சொன்னார். நாங்கள் இருவரும் காலையில் தேநீர் இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் வருவோம். புதன்கிழமை காலை என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"லைசன்ஸ் சார், ஒண்ணு கேக்கணும். இந்தப் புது மணி அடிக்குமில்ல? உங்க மச்சான் அடிக்கும்ங்கிறார். அவர் பேசுற வேகத்துல எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது."

"அடிக்கும்," என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் படிச்சுதான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அது போதும் சார்," என்றார். "இனி வீட்டுக்காரிகிட்ட தைரியமாச் சொல்லுவேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் நேராகக் கீழே போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பார். மச்சினன் நாற்காலியைச் சுழற்றி உட்கார்ந்து ஒரு வரியை மாற்றியிருப்பான். நான்கு நிமிட வேலை. அது எட்டாவது நன்றியாகப் போயிருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கம்பளி மூன்றாம் அறைக்குள் போனார். முன்பெல்லாம் இருவராகத்தான் போக வேண்டும் என்று விதி. மணி இருக்கிறதே என்று அதை எப்போதோ ஒருவராக்கிவிட்டார்கள்.

பத்து முப்பத்தைந்துக்கு என் அறையில் மணி அடித்தது. ஜன்னலுக்குப் போனேன். வாசலில் காவலாளி காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சத்தமில்லை. நான் என் மணியை நிறுத்தினேன். அந்தச் சத்தத்தில் எழுத முடியாது. நோட்டைத் திறந்து, '10.35. அறை 3. பழையது அடித்தது. புதியது அடிக்கவில்லை' என்று எழுதினேன்.

அப்போதே போன் செய்திருக்கலாம். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் நியாயமாக யோசியுங்கள். அந்த நிமிடமே நான் சொல்லியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள்? தாமதம் ஒரு நிமிடம், பெரிய விஷயமில்லை என்று மூடியிருப்பார்கள். ஒரு நிமிட வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பதினாறு வருட சிஸ்டத்தைக் காப்பாற்ற முடியாது. கால் மணியாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. பத்து ஐம்பதுக்கு இன்னொரு வரி எழுதினேன். கால் மணி வந்ததும், அரை மணி என்றால் மறுக்கவே முடியாதே என்று பட்டது.

பதினொரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். அவர் அறையில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டதாம். போய்ச் சரிசெய்தேன். உள்ளே சிக்கிய துண்டை எடுக்கக் கொஞ்சம் நேரமானது. இதுக்கெல்லாம் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கே என்று அவர் வருத்தப்பட்டார். பரவாயில்லை என்றேன். அவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால், இருபத்தைந்து நிமிடமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டிருப்பார்.

பதினொன்றே இருபதுக்குத் திரும்பி வந்தேன். திரையில் கம்பளியின் அட்டை இன்னும் உள்ளேதான் இருந்தது. கழுத்திலிருந்து கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது. நான் அதைத்தான் நினைத்தேன், நீங்கள் நம்பாவிட்டாலும்.

பன்னிரண்டு பத்துக்கு, சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுபவர் தேடிப் போனார். தரையில் பனி வழுக்கி, அடுக்கிலிருந்த பெட்டிகள் காலின் மேல் சரிந்திருந்தன. கதவிலிருந்து நாலடி தூரம். கோட்டைக் கழற்றிப் பெட்டிக்கு அடியில் கொடுத்து நெம்பப் பார்த்திருக்கிறார். விரல்களில் தோல் இல்லை என்று வண்டி ஓட்டுபவர் சொன்னார். மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பதினொன்றரைக்குள் எடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அறிக்கையில் மருத்துவர் எழுதியிருப்பதைப் படித்தேன்.

எல்லாம் திறந்து கிடக்கிற சிஸ்டம் என்பதால் ஒரே நாளில் இருபத்தாறாவது வரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எழுதியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. மச்சினனைப் போலீஸார் கூட்டிப் போனார்கள். வரியும் ஆளும் கிடைத்துவிட்டதால் பழைய சிஸ்டத்தை யாரும் கேட்கவில்லை. தொண்ணூறாவது நாள் அதன் லைசன்ஸ் முடிந்தது. அதன் பதிவுகளை அது மட்டும்தான் திறக்க முடியும். அது மூடிக்கொண்டது. நேரமெல்லாம் எழுதியிருந்த நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன், அதையும் யாரும் கேட்கவில்லை. ஆகவே பத்து முப்பத்தைந்துக்கு ஒரு மணி அடித்தது என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கம்பெனி புதியதையே வைத்துக்கொண்டது. அந்த வரியைத் திருத்திவிட்டார்கள். இனி ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் படித்துக் கையெழுத்துப் போடுவார்களாம். நான் எதிர்பார்த்தது இது இல்லை. ஒன்றை மட்டும் இப்போதும் சொல்வேன். பூட்டிய பெட்டியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள என்னைப் போன்ற ஒருவனுக்கு அது இடம் கொடுத்திருக்காது.

வீட்டில் என் மனைவி மூன்று நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. நாலாவது நாள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அவன் எழுதினதை நீங்க பாத்துத்தானே அனுப்பினீங்க? உங்க கண்ணுக்குமா தெரியலை?"

தெரியவில்லை என்றேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தோளில் கை வைத்து, வயசாகுதில்ல, விடுங்க என்றாள். அன்றிலிருந்து நான் கண்ணாடியைத் தேடினாலே அவள் எடுத்துக் கொடுக்கிறாள்.

மச்சினனைச் சிறையில் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டான். கம்பளியின் மகள் கடைசிப் பரீட்சை எழுதினாளா என்றுதான் முதலில் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிறகு, குழுவிடம் உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டேன் அத்தான் என்றான். "நான் எழுதினது அவ்வளவு குழப்பம். யாரா இருந்தாலும் கோட்டை விட்டிருப்பாங்க."

அவன் எழுதியது குழப்பமாக இல்லை. தெளிவாகத்தான் இருந்தது.

அறிக்கை நேற்றுக் கைக்கு வந்தது. நாற்பத்தோரு பக்கம். பதினெட்டாம் பக்கத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி. 'இரண்டாவது வாசகர் இடைவெளி, எழுத்துப்பிழை போன்ற அற்ப விஷயங்களில் கவனம் செலுத்தி, அடிப்படைத் தவறைக் கவனிக்கத் தவறியுள்ளார். வயதையும் புதிய முறையில் போதிய பழக்கமின்மையையும் கருதி, அவருக்குத் தொடக்கநிலைப் பயிற்சி அளிக்கப் பரிந்துரைக்கிறோம்.' தொடக்கநிலை என்று எழுதியிருக்கிறார்கள் சார். இரவு முழுக்க அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இதோ நோட்டு. பத்து முப்பத்தைந்திலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து பதிவுகள், எல்லாம் என் கையெழுத்து. அறை எண், நேரம், எல்லாம் இருக்கிறது. அவர் உள்ளே இருப்பது எனக்கு முதலிலிருந்தே தெரியும். மணி அடிக்காது என்பது அதற்கு ஒரு வாரம் முன்பே தெரியும். அடிக்கும் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். இதையெல்லாம் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தண்டனையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. அந்தப் பதினெட்டாம் பக்கத்தை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். நான் எதையும் கவனிக்கத் தவறவில்லை.